பிறந்த வீட்டுக் கோடி

1

இந்தக் குறிப்பை நல்ல மனத்தோடு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு எழுதினால் பனி, இலையுதிரும் மரம், நேரம் தவறாத ரயில் என்று எழுதுவார்கள். எனக்கும் அப்படி எழுதத் தெரியும். ஆனால் இந்த ஆனி மாதம், அம்மாவின் திதிக்குச் சில வாரம் முன்னால், என் போனுக்கு ஒரு படம் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பனியும் மரமும் எழுத வரவில்லை.

படத்தில் இருந்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். கொடைக்கானல் நாயுடுபுரத்தில், என் மாமன் மகன் செல்வத்தின் ஹார்டுவேர் கடைக்கு எதிரே கட்டியிருந்தார்கள். நடுவில் அவன் மகள் தர்ஷினி கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு ராக்கெட் கிளம்புகிறது. 'விண்வெளி, ஆற்றல் பொறியியல் பயில ஜெர்மனி செல்லும் மேல்மலையின் வீரமங்கையே!' என்று கொட்டை எழுத்து. கீழே கைகூப்பியபடி என் தாய்மாமன். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, முகம் முழுக்கப் பெருமை.

அனுப்பியது ராணியக்கா. மேல்மலையில் எங்கள் அப்பா வீட்டுக்கு அடுத்த வீடு. கூடவே குரல் பதிவும் வந்தது. "பாத்தியா ஈசு, ஒங்க மாமன் பவுச? பொட்டப்புள்ள படிப்புக்கு பேனர் கட்டுற ஆளா இவரு? எனக்கே வயிறு எரியுது, ஒனக்கு எப்பிடி இருக்கும்?"

எரிந்தது. எரிவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அதுதான் என் பிழைப்பு. வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில், மின் நிலையங்களுக்கான டர்பைன்களுக்கு எரியறை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். முன்பு விமான எஞ்சினுக்குச் செய்தேன், இப்போது மின்சாரத்துக்கு. எரிவாயுவுக்குப் பதிலாக ஹைட்ரஜனை எரித்துப் பார்க்கிறோம். அதன் குணம் பொல்லாதது. கொஞ்சம் அசந்தால் தீ முன்னால் போகாமல் தான் வந்த குழாய்க்குள்ளேயே திரும்பிப் பாயும். திரும்பாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். காலையில் டிராம் பிடித்துப் போய், தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திரையில் தீயின் சேட்டையைப் பார்த்துவிட்டு, மாலையில் வந்து மகள் நிலாவுக்குத் தோசை வார்க்கிறேன். அன்றைக்குத் தோசை எல்லாம் கருகியது.

2

மாமா என்ன செய்தார் என்று சொன்னால்தான் இந்த எரிச்சல் புரியும்.

நான் அவருக்கு மருமகள். கூடப்பிறந்த தங்கச்சியின் ஒரே மகள். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிவந்து குச்சில் குடிசை கட்டியது அவர்தான். கட்டி முடித்துவிட்டு, கூடியிருந்த சனத்தைப் பார்த்து, "இந்தப் புள்ள எம்மவன் செல்வத்துக்கு. எவனும் பொண்ணு கேட்டு இந்தப் பக்கம் வந்துறாதிய" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஓலைக்குள் இருந்து சிரித்தேன். அப்போது எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது.

கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தேன். மார்க் நன்றாக வந்தது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குச் சென்னையிலிருந்து அழைப்பும் வந்தது. மாமா எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"பூண்டுக் காட்டுக்குப் போற புள்ளைக்கு இன்ஜினியர் படிப்பு என்னத்துக்கு? ஏரோப்பிளேன் செய்றதுக்கு வெள்ளக்காரன் இருக்கான். வர்ற தையில கல்யாணத்த வச்சிருவோம்."

 மச்சான் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அப்பாவிடம் எப்போதும் இருந்ததில்லை. அம்மாவும் அண்ணன் சொல்லைத் தட்டியவள் இல்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அன்றைக்கு அழுத அழுகை வேறு விஷயம்.

மறுநாள் வெள்ளனே அம்மா என்னை எழுப்பினாள். வெளியே ஒரு முழத்துக்கு அப்பால் தெரியாதபடி மூடுபனி நின்றது. தெருமுனையில் கேரட் ஏற்றிய வேன் புறப்பட நின்றுகொண்டிருந்தது. "சத்தம் போடாம ஏறு. ஒங்கப்பாட்டச் சொல்லிட்டேன்" என்றாள். வத்தலக்குண்டு வரைக்கும் மூட்டைகளுக்கு நடுவில், அங்கிருந்து பஸ்ஸில் சென்னை. அம்மா வத்தலக்குண்டு தாண்டியதே அதுதான் முதல் முறை.

கவுன்சிலிங் அறையில் திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அம்மா காதில் சொன்னேன், "மதுரையில சிவில் கெடைக்கும்மா. சென்னையில விமானப் பொறியியல் இருக்கு."

"மதுரையா? ஒங்க மாமன் வெரசா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. தூரமா இருக்கிறத எடு."

என்னைப் பேட்டி எடுத்தவர்கள் உண்டு. பெண்கள் தினத்தன்று எங்கள் நிறுவனத்தில் ஏதாவது ஒரு இளைஞன் மைக்கோடு வந்து, சிறு வயதில் வானத்தைப் பார்த்துக் கனவு கண்டீர்களா என்று கேட்பான். நான் ஆமாம் என்று சொல்லி வைப்பேன். உண்மை என்னவென்றால், நான் விமானம் படித்தது வானத்துக்காக இல்லை. அது மாமாவின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் ஊர் திரும்பிய அன்று மாமா எங்கள் தெருவில் நின்று சத்தம் போட்டார். வீட்டுக்குள் வரவில்லை. "இனி ஒனக்குப் பொறந்த வீடு இல்ல, கேட்டுக்க. நீ செத்தாலும் என் வீட்ல இருந்து கோடிச் சேலை வராது!"

அம்மா வாசலில் நின்று கேட்டாள். "வராட்டிப் போகுதுண்ணே. எம்மக படிக்கட்டும்" என்றாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தை, ஆறிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

3

சென்னையில் எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிடுவோம். எஞ்சின் சோதனைக் கூடத்துப் பொறுப்பாளர் எங்களைப் பார்த்தாலே, "நீங்க ரீடிங் எழுதுங்கம்மா, போதும், தரையெல்லாம் ஆயில்" என்பார். அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் நான் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன். அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நான் மறக்கிற ஆள் இல்லை. மன்னித்து மறந்துவிட வேண்டும் என்று சொல்லுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மறக்க ஒன்றுமே இருக்காது.

பிறகு ஜெர்மனியில் மேற்படிப்பு. முதல் வருடம் மொழி வகுப்பில் 'என் குடும்பம்' என்று பேசச் சொன்னார்கள். நான் கிடைத்த சொற்களை வைத்து, 'என் மாமா என்னை மடியில் வைத்து வளர்த்தார், பிறகு அவர் மகனுக்கு என்னைக் கட்டி வைக்கப் பார்த்தார், நான் கேரட் வண்டியில் தப்பித்தேன்' என்று சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் பாதுகாப்பு உதவி எண் உள்ள அட்டையைக் கொடுத்தார். இது முறை, எங்களுக்குள் உரிமை, என்று விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க அவர் கண் கலங்கிக்கொண்டே போனது. அறைக்கு வந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அந்த அம்மாள் சொன்னதில் என்ன தப்பு என்றும் தோன்றியது.

படிப்பு முடிந்து விமான எஞ்சின் நிறுவனத்தில் எரியறைப் பிரிவில் வேலை. அங்கிருந்து மின் டர்பைனுக்கு மாறினேன். எரியறையை முதல் முறையாகச் சோதித்து, தீ நின்று எரிந்த அன்று, அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நின்னு எரியுதா?" என்றாள்.

"எரியுதும்மா."

"பூண்டுக்குப் புகை போடுறதே எனக்குச் செரமமா இருக்கு. நீ நல்லாருப்ப தாயி." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்க மாமன் ரோட்ல எதிர வந்தாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு" என்றாள். எத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு போனிலும் இந்த ஒன்று வரும். மேலத்தெருவில் அவள் பிறந்த வீடு, கீழத்தெருவில் எங்கள் வீடு. நடுவில் ஒரு ஏற்றம்தான். அந்த ஏற்றத்தை அவள் அதன் பிறகு ஏறவே இல்லை.

4

அம்மா திடீரென்று போனாள். காட்டில் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அப்போது என் இருப்பு அனுமதி அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு ஓடினேன். அம்மா இறந்துவிட்டாள் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே, அடுத்த சந்திப்புக்கு இணையத்தில் பதிவு செய்யச் சொன்னார். நிலா அப்போது கைக்குழந்தை. அப்பா போனில், "நீ வராத தாயி. வேலையக் கெடுத்துக்காத, ஒங்கம்மா அதுக்கு ஒத்துக்க மாட்டா" என்றார்.

ஆகவே என் அம்மாவை நான் போனில் பார்த்தேன். ராணியக்கா பிடித்துக்கொண்டு நின்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச் சேலை கொண்டுவர வேண்டும். அதுதான் கோடி. தாம்பாளத்தில் வைத்துக் கொட்டு அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பாடை எழும். எவ்வளவு சண்டை இருந்தாலும் கோடி வந்துவிடும். கொலைப்பழி உள்ள வீடுகளில்கூட வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆள் அனுப்பினார்கள். அந்த ஆள் திரும்பி வந்து தலையை ஆட்டினான். பெரியவர்கள் போனார்கள். மாமா வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது என்றார்கள். காலையில் தூக்க வேண்டிய உடம்பு. மத்தியானம் ஆயிற்று. ஒப்பாரி வைத்தவர்கள் ஓய்ந்து, வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா பழைய ஊதாச் சேலையில் காத்துக் கிடந்தாள். வாசலில் நிழலாடும் போதெல்லாம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் இங்கே, சமையலறையில் நின்றுகொண்டு, போன் திரையில் அந்த வாசலையே பார்த்தேன்.

கடைசியில் ராணியக்கா தன் பெட்டியிலிருந்து தீபாவளிக்கு வைத்திருந்த சேலையை எடுத்துவந்து போர்த்தினார். "கூடப் பொறந்தவ குடுக்குறேன்னு நெனச்சுக்க மதினி" என்று அழுதார். அப்படித்தான் என் அம்மாவை எடுத்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "அநாதப் பொணம் மாதிரியில்ல போகுது" என்றது போனில் தெளிவாகக் கேட்டது.

அந்தக் கிழவி மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபத்தை நான் பங்கு போட விரும்பவில்லை. முழுதும் ஒருவருக்கே வைத்திருந்தேன்.

5

பேனர் படம் வந்து சில நாள் கழித்து, மதிய இடைவேளையில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தாயி, நாந்தேன் மாமன் பேசுறேன். நல்லாருக்கியா?"

காதுகுத்தில் கேட்ட அதே குரல். கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஊர் நலம், மழை, பூண்டு விலை எல்லாம் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார். தர்ஷினிக்கு நான் இருக்கும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், பூண்டு விலை விழுந்த வருடத்தில் அது முடியவில்லை. இல்லையென்றால் இங்கே வேலையில் இருக்கிற ஒருவர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"நம்ம சொந்தத்துல ஒன்ன விட்டா யாரு தாயி இருக்கா? அவ ஒனக்கு மக முறை. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. எல்லாம் முடிஞ்ச கதை."

முடிஞ்ச கதை!  என் குரல் நடுங்கவில்லை. நடுங்காமல் பேசுவதற்கு வருடக்கணக்காகப் பழகியிருந்தேன் போல.

"போடுறேன் மாமா. ஒண்ணே ஒண்ணுதான். அம்மாவுக்குத் திதி வருதுல்ல? அன்னைக்கு ஒங்க வீட்ல இருந்து எங்க வீட்டுக்குக் கோடி வரணும். தாம்பாளத்துல சேலை வச்சு, கொட்டு அடிச்சு, பகல்ல, ஊரு பாக்க நடந்து வரணும். நீங்கதான் கொண்டாரணும், செல்வம் இல்ல. எங்கப்பா கையில குடுக்கணும்."



"என்ன தாயி இது? பொணம் இல்லாத வீட்டுக்குக் கோடி கொண்டு போகலாமா? அது இன்னொரு சாவக் கூப்பிடுறதுல்ல?"

"பொணம் இருந்தப்ப வந்திருக்கலாம்ல மாமா."

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சொல்லுவதில் வெட்கமில்லை, அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

நிலா மாலையில் முழுக் கதையையும் கேட்டாள். அவளுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தமிழ். பாடப்புத்தகம் பேசுவது மாதிரியே பேசுவாள். "அம்மா, அந்த அக்கா என்ன பிழை செய்தார்? இது மிரட்டுதல் ஆகும்" என்றாள்.

"ஆமாம், மிரட்டுதல்தான்" என்றேன்.

"இறந்தவருக்கு உடை எதற்கு? அஞ்சலில் அனுப்பினால் போதாதா?"

 அவளுக்கு விளங்க வைக்க எந்த மொழியிலும் என்னிடம் சொல் இல்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் தோளைக் குலுக்குவதை மட்டும் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டுவிடுகின்றன.

6

அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. "வேணாம் தாயி" என்றார் போனில். "வெறும் வீட்டுக்குக் கோடி வரக் கூடாது. விட்ரு."

பயப்படுகிறார் என்று நினைத்தேன். வயதான மனிதர், தனியாக இருக்கிறார், அடுத்த சாவு தன்னுடையதுதான் என்று தோன்றியிருக்கும். எதையும் விட்டுக்கொடுத்தே பழகியவர் வேறு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. அவரு வரட்டும், நீங்க கையில வாங்குங்க, அது போதும் எனக்கு" என்றேன். அவர் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டார்.

தர்ஷினியும் பேசினாள். "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டாள். அவள் அப்பாவை நான் கட்டியிருந்தால் அம்மா என்றிருப்பாள். குரலில் கெஞ்சல் எதுவும் இல்லை.

"தாத்தா சரியாச் சாப்பிட மாட்டேங்குறாரு பெரியம்மா. வீட்ல ஒரே சண்டை. நான் ஒண்ணும் ஒங்கள மாத்திக்கச் சொல்லல. ஒங்க முடிவு என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் பேசுனேன்."

"என் முடிவு அதேதான்மா."

"சரிங்க பெரியம்மா" என்று வைத்துவிட்டாள். கோபமா, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

7

திதி அன்று விடுப்பு எடுத்தேன். ராணியக்கா போனை எடுத்துக்கொண்டு தெருவில் நின்றார். மலையில் நல்ல காற்று. மஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

மேலத்தெருவிலிருந்து கொட்டுச் சத்தம் முதலில் வந்தது. பிறகு மாமா வந்தார். பேனரில் இருந்த அதே வெள்ளை வேட்டி. கையில் தாம்பாளம், அதில் மடித்த சேலை, மேலே பூ. பின்னால் செல்வம் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். சாவு இல்லாமல் கொட்டுச் சத்தம் கேட்டதில், காட்டில் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். மாமா யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். நான் பார்த்தேன். ஒரு அடி விடாமல் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை போட்டு அதை மறைக்க நான் தயாராக இல்லை.

அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து படியில் நின்றார்.

"வாங்க மச்சான்."

"கோடி கொண்டாந்திருக்கேன் மாப்ள. வாங்கிக்கங்க."

அப்பா தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார். "பச்சையா?"

"ஆமா. பச்சைதேன்."

"பச்சைன்னா அவளுக்கு உசுரு" என்றார் அப்பா. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு நல்ல மழை மச்சான். அவளப் படுக்கப் போட்டுட்டு நான் ஒங்க வீட்டுக்கு வந்தேன். பின்பக்கமா வந்தேன், இங்க ஒருத்தருக்கும் தெரியாது. எம்மகளுக்கும் தெரியாது. துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, மச்சான் மச்சான்னு கூப்பிட்டு நின்னேன். உள்ள ஆளு நடமாடுற சத்தம் கேட்டுச்சு. கதவு தொறக்கல."

கொட்டு நின்றுவிட்டது. 

"அவ காத்துக் கெடந்தது அன்னைக்கு. இத யாருக்குன்னு நான் வாங்குறது? எடுத்துட்டுப் போங்க. ஒங்க பேத்திக்கு எம்மக கையெழுத்துப் போடுவா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"கோடி திரும்பக் கூடாதுய்யா!" என்று கூட்டத்தில் யாரோ பதறினார்கள். போன கோடி திரும்பி வந்தால், கொண்டுவந்த வீட்டுக்கே அது கோடி ஆகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அப்பாவுக்கும் அது தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஜெர்மனி வரை கேட்டது.

நான் எல்லாவற்றையும் திட்டம் போட்டேன். கொட்டு, தாம்பாளம், பகல் வெளிச்சம் எல்லாம் யோசித்தேன். அப்பாவை மட்டும் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் விட்டுக்கொடுக்கிற மனிதர் என்றே நினைத்திருந்தேன். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டது ஒரு சேலை. அவர் எடுத்தது அதைவிடப் பெரியது. மாமா தாம்பாளத்தோடு ஏற்றத்தில் திரும்பி நடந்தபோது கொட்டுக்காரர்கள்கூடக் கூடப் போகவில்லை.

8

மறு வாரமே வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெண், வருகிறவள் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மாமன் மகனின் மகள், எங்கள் கணக்கில் எனக்கும் மகள் என்றேன். பட்டியலில் அப்படி ஓர் உறவு இல்லை என்றார். 'இதர' என்று போட்டுக்கொண்டோம்.

தர்ஷினி இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். எரிதல் பற்றிய பாடத்தில் என்னைக் கேள்வி கேட்டுக் குடைவாள். நல்ல மூளை. நிலாவுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. கோடியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

போன ஞாயிறு மாமா கூப்பிட்டார்.

"அந்தத் துணி பூண்டுக் கொட்டாயிலயே கெடக்கு தாயி. ஒங்கத்தை வீட்டுக்குள்ள விடமாட்டேங்குறா. எரிக்கவும் பயமா இருக்கு, குடுத்தா வாங்கவும் ஆளில்ல. தெனம் அத ஒட்டித்தான் சோலிக்குப் போக வேண்டிக் கெடக்கு. ஒங்கப்பன்ட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்ல மாட்டேன் மாமா."

மூச்சு வாங்கினார். "சரி, புள்ள அங்கதான இருக்கா? அவகிட்டக் குடு."

தர்ஷினி சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நான் ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். அழைப்பு ஓடிக்கொண்டிருப்பதை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"கீழத்தெருப் பாட்டி செத்த அன்னைக்கு நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன் பெரியம்மா, அப்ப சின்னப் புள்ள. கீழத்தெரு தாத்தா மச்சான் மச்சான்னு கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு. மழையில நனையிறாரேன்னு நான் போயித் தாழ்ப்பாள்ல கைய வச்சேன். தாத்தா என் கையப் புடிச்சு முறுக்கிட்டாரு. 'தொறந்தேன்னு வையி, நீயும் அவ மாதிரி ஓடிப்போற கழுதையாத்தான் ஆவ'ன்னாரு."

"தர்ஷினி... ஏ புள்ள..." என்றது போன்.

அவள் நிறுத்தவில்லை. "'யாரு அந்த அவ?'ன்னு மறுநாள் அப்பாட்டக் கேட்டேன். ஒங்களச் சொன்னாரு. ஏரோப்பிளேன் எஞ்சின் செய்றாங்கன்னாரு. அப்படின்னா நாமளும் அதையே படிச்சிருவோம், அப்பத்தான் இந்த வீட்ட விட்டுப் போக முடியும்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்."

 மறுமுனையில் மாமா போனை வைக்கவில்லை. காற்று இரைவது கேட்டது. நானும் துண்டிக்கவில்லை.